ஆசாரியர் பலர், வரிசை ஒன்று

திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர். இளம் ராமானுஜர் தம் ஐயங்களுக்கு விடை தேடி அவரிடம்தான் போனார் என்று வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ஆனால் ராமானுஜரிலிருந்து மேலே ஒவ்வோர் ஆசாரியராகச் சொல்லிக்கொண்டு போகும் ஓராண்வழிக் குருபரம்பரையில் நம்பியின் பெயர் வராது. பெரிய நம்பி, ஆளவந்தார், மணக்கால் நம்பி, உய்யக்கொண்டார், நாதமுனிகள், நம்மாழ்வார் என்று அது ஏறிப் போய்விடும்.

நம்பியின் ஊரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் நசரத்பேட்டையில் பனிமலர், தண்டலத்தில் சவீதா, ராஜலட்சுமி எனப் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைதான் உண்டு. கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பின்னால் ஜாவாவில் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கும் வருகிறது. அங்கே படிக்கிற பலரும் ஒரு கட்டத்தில் சந்திக்கும் கேள்வி இது: ஒரு கிளாஸுக்குப் பேரன்ட் கிளாஸ்கள் பல இருந்தால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது? பைதான் இதற்குத் தரும் விடைக்கு எம்.ஆர்.ஓ. (மெத்தட் ரெசொலூஷன் ஆர்டர்) என்று பெயர். கிளாஸ்களை மரபுரிமைப்படி ஒரே நேர்கோட்டில் அடுக்கிய வரிசை அது.

ஓராண்வழியையும் எம்.ஆர்.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சொல் விளையாட்டாகத் தோன்றலாம். சீடர் ஆசாரியரின் ஒரு வகை அல்லர். சப்கிளாஸோ பேரன்ட் கிளாஸின் ஒரு வகைதான். இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனாலும் இரண்டிலும் இருப்பது ஒரே வடிவம். உறவுக்குத் திசை உண்டு, உறவு தொடர்ந்து செல்லும், ஒருவருக்கு மேலே பலர் இருக்கலாம். அப்படிக் கிளைத்த ஒன்றை ஒற்றை வரிசையாக்க வேண்டிய கட்டாயம் இரு தரப்புக்கும் நேர்ந்தது. கிளைகளை எப்படி மடித்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ராமானுஜரின் மேல்பக்கம் எவ்வளவு கிளைத்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். சீடராகச் சேர்க்கும் சடங்கான பஞ்ச சம்ஸ்காரம் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் பெரிய நம்பியிடம் நடந்தது. மந்திரங்களின் ஆழ்பொருளைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் கேட்டார்; பதினெட்டு முறை நடந்தார் என்பது பிரசித்தம். திருவாய்மொழிக்குத் திருமாலையாண்டான். ஆளவந்தாரின் மகனான திருவரங்கப் பெருமாள் அரையரும் ஓர் ஆசாரியர். ராமாயணத்தைத் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி திருப்பதியில் சொல்லிக் கொடுத்தார். திருக்கச்சி நம்பியையும் சேர்த்தால் ஆறு பேர். ஆறு பேருமே ஆளவந்தாரின் சீடர்கள். ஆனால் ஆளவந்தாரை ராமானுஜர் உயிரோடு கண்டு பேசியதில்லை; திருவரங்கம் போய்ச் சேர்ந்தபோது அவர் திருநாடு அலங்கரித்திருந்தார். மேலே ஒருவர், நடுவே ஆறு பேர், கீழே ஒருவர். புரோகிராமிங் பாடநூல்கள் டயமண்ட் பிரச்சினை என்று நாலு கிளாஸை வைத்து வரையும் படம் இதன் சிறு வடிவம்.

வரிசைப்படுத்துவதற்கு முன் ஒப்பிட வேண்டும். மரபுரிமை உறவு இங்கேயே சிக்கல் தருகிறது. இரண்டு எண்களைக் கொடுத்தால் எது பெரியது என்று சொல்லிவிடலாம். இரண்டு கிளாஸ்களைக் கொடுத்தால் மூன்று விதமான விடைகளோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: இது அதன் வாரிசு, அது இதன் வாரிசு, இரண்டும் ஒன்றே, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ரூபி மொழி இதை நேர்மையாகக் கையாள்கிறது. அதில் கிளாஸ்களுக்கு இடையிலேயே 'சிறியது' குறியைப் போடலாம். சப்கிளாஸ் என்றால் உண்மை என்று சொல்லும், சம்பந்தம் இல்லையென்றால் 'nil' (எதுவுமில்லை) என்று கைவிரித்துவிடும். பைதான் 3-இல் இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே அந்தக் குறியைப் போட்டாலே டைப்எரர். ஆகவே இஸ்சப்கிளாஸ் என்ற ஃபங்ஷனை வைத்து நாமே ஓர் ஒப்பீட்டு விதி எழுதிக்கொள்கிறோம். வாரிசு முன்னால், சம்பந்தம் இல்லாவிட்டால் பூஜ்யம், அதாவது 'சமம்'.

இந்தப் பூஜ்யத்தில்தான் விபத்து. சீடர் முன், ஆசாரியர் பின் என்பது விதி என்று வைத்துக்கொண்டு, ஆளவந்தார், மெய்கண்டார், ராமானுஜர் என்ற மூன்று பெயர்களை இதே ஒழுங்கில், பட்டியலை வரிசைப்படுத்தும் பைதானின் சார்ட்டிடம் கொடுத்துப் பாருங்கள். மெய்கண்டார் சைவ சித்தாந்த மரபின் ஆசாரியர். மற்ற இருவரோடும் அவருக்குச் சீட உறவு கிடையாது. சார்ட் முதல் இரண்டு பேரை ஒப்பிடுகிறது: பூஜ்யம். அடுத்த இரண்டு பேரை ஒப்பிடுகிறது: அதுவும் பூஜ்யம். பக்கத்துப் பக்கத்துப் பெயர்களில் குறை ஏதும் இல்லாததால் வரிசை ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டி அப்படியே திருப்பித் தருகிறது. ஆளவந்தாரையும் ராமானுஜரையும் அது நேராக ஒப்பிடவே இல்லை. ஆசாரியர் முன்னால் நிற்கிறார், சீடர் கடைசியில். விதி மீறப்பட்டிருக்கிறது, பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. சம்பந்தமின்மையைச் சமம் என்று சொன்னதற்குக் கிடைத்த கூலி இது. டிம் பீட்டர்ஸ் எழுதிய இந்தச் சார்ட் முறையை ஜாவாவும் 2011-இல் ஏழாம் பதிப்பில் எடுத்துக்கொண்டது. ஒப்பீட்டு விதி முரண்படுவதை ஓடும்போது கவனித்துவிட்டால் ஜாவா முறையிடும். எல்லா நேரமும் கவனிக்காது என்பது வேறு.

இது ஏட்டுச் சிக்கல் மட்டும் அல்ல. எக்ஸெப்ஷன்களைப் பிடிக்கும்போது சப்கிளாஸை முதலில் எழுத வேண்டும், பேரன்ட்டைப் பிறகு. மாற்றி எழுதினால் பேரன்டே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஜாவா கம்பைலர் மாற்றி எழுதியதை ஏற்காது. பைதான் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிவிடும். அந்தப் பட்டியலைப் புரோகிராமே தயாரிக்க வேண்டி வந்தால் மேலே சொன்ன சார்ட் காலை வாரும். சரியான வழி 1962-இல் கான் வெளியிட்ட டோபாலஜிகல் சார்ட் போன்ற ஒன்று. இன்னும் எளிய வழியும் உண்டு. ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னோர் எத்தனை பேர் என்று எண்ணி, அதிகம் உள்ளதை முன்னால் வைத்தால் போதும். வாரிசுக்கு அதன் பேரன்ட்டைவிட ஒரு முன்னோராவது கூடுதலாக இருந்தே தீரும், அதனால் விதி மீறாது. ஆனால் எண்ணிக்கை வந்ததும் ஆளவந்தாருக்கும் மெய்கண்டாருக்கும் இடையிலும் ஒரு முன்பின் வந்துவிடுகிறது. அதற்குப் பொருள் எதுவும் இல்லை. வரிசையைப் பார்ப்பவருக்கு மட்டும் பொருள் இருப்பதுபோல் தெரியும்.

இனி எம்.ஆர்.ஓ. பைதானின் தொடக்கக் கால விதி எளிமையானது: இடப்பக்கம் எழுதிய முதல் பேரன்ட்டைப் பிடி, அதன் வழியே உச்சி வரை ஏறு, பிறகு கீழே வந்து அடுத்த பேரன்ட்டைப் பிடி. பைதான் 3 தமிழிலேயே கிளாஸ்களுக்குப் பெயர் வைக்க விடுவதால், ராமானுஜர் என்று ஒரு கிளாஸ் எழுதி, அடைப்புக்குறிக்குள் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், அரையர், திருமலை நம்பி என ஐவரையும் கமா போட்டு அடுக்கலாம். திருக்கச்சி நம்பியிடம் பிறகு வருகிறேன். பழைய விதிப்படி கிடைக்கும் வரிசை: ராமானுஜர், பெரிய நம்பி, ஆளவந்தார், மணக்கால் நம்பி, உய்யக்கொண்டார், நாதமுனிகள், நம்மாழ்வார். அச்சு அசலாக ஓராண்வழி! மற்ற நால்வரும் அதன் பிறகு வாலாகத் தொங்குவார்கள். வாலை நறுக்கிவிட்டால் மரபு ஓதும் வரிசை கையில்.

பைதான் இந்த விதியைக் கைவிட்டது. 2003 ஜூலையில் வந்த 2.3 பதிப்பிலிருந்து சி3 என்ற முறை. 1996-இல் டிலன் மொழிக்காக எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டது. சி3 எந்த வாரிசையும் அதன் பேரன்ட்டுக்குப் பின்னால் வைக்காது. அடைப்புக்குறிக்குள் எழுதிய கமா வரிசையைக் கலைக்காது. பேரன்ட்டுக்கு ஏற்கெனவே அமைந்த வரிசையை வாரிசிடம் வந்து புரட்டாது. இதன்படி ராமானுஜருக்கு அடுத்து ஐவரும் எழுதிய வரிசையில் நிற்பார்கள், அவர்களுக்குப் பிறகே ஆளவந்தார். பழைய விதி கைவிடப்பட்டதன் காரணம் எளிது. ஆளவந்தாரிடம் உள்ள ஒரு மெத்தடைத் திருமாலையாண்டான் தமக்கேற்றபடி மாற்றி எழுதியிருக்கிறார் என்று கொள்ளுங்கள். பழைய வரிசையில் ஆளவந்தார் முன்னால் வந்துவிடுவதால் அந்த மாற்றம் எவர் கண்ணிலும் படாது.

அப்படியானால் ஓராண்வழியிலும் அந்தக் குறை உண்டா? இல்லை, ஏனென்றால் மரபு அந்த வரிசையில் பொருளைத் தேடுவதில்லை. ஓராண்வழி வணங்குவதற்கு. பாசுரத்துக்குப் பொருள் தேட வேறு இடம் உண்டு, அது வியாக்கியானம். திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்தை ஆழ்வாரின் வருத்தமாகச் சொன்னார் திருமாலையாண்டான். ராமானுஜர் அதை நன்றியாகப் படித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேட்காத புதுப் பொருள் என்று ஆண்டான் சினந்து பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, இதே பொருளை ஆளவந்தார் சொல்லத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்ன பிறகே பாடம் தொடர்ந்தது. ஆளவந்தாருக்குத் தாம் ஏகலைவன் போன்றவர் என்று ராமானுஜர் சொல்லிக்கொண்டதும் இந்தத் தொடர்பில்தான்.

புரோகிராமிங் கண்ணோடு பார்த்தால் இது ருசிகரமான இடம். வாரிசு ஒரு மெத்தடை மாற்றி எழுதுகிறது. மாற்றியது தாத்தாவிடம் இருந்ததுடன் ஒத்துப்போகிறது, நடுவில் இருந்த பேரன்ட் மட்டும் வேறு. மற்றொரு பேரன்ட் வந்து சாட்சி சொல்கிறது. எம்.ஆர்.ஓ.வில் இப்படிச் சாட்சி சொல்ல யாருக்கும் இடம் கிடையாது. முதலில் அகப்படுவது ஓடும், மற்றவை மறைந்து கிடக்கும். ஈடு முதலிய வியாக்கியானங்களோ ஆண்டான் நிர்வாகம் இது, எம்பெருமானார் (ராமானுஜர்) நிர்வாகம் இது என்று பெயர் போட்டு இரண்டையும் காட்டுகின்றன. வென்ற பொருள் தோற்ற பொருளை மறைக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மரபின் பக்கம்தான் சாய்வு. பத்து அடுக்கு மரபுரிமையுள்ள புரோகிராமில் எந்த மெத்தட் எங்கிருந்து ஓடுகிறது என்று தேடி அலுத்தவர்கள் ஒப்புவார்கள்.

சி3-க்கு ஒரு கடுமையும் உண்டு. விதிகள் முரண்பட்டால் கிளாஸையே உருவாக்க விடாது, டைப்எரர் கொடுத்து நின்றுவிடும். இதற்கும் ஓராண்வழியில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: எம்பார். ராமானுஜரின் சிற்றன்னை மகனான இவர் முதலில் திருமலை நம்பிக்குச் சீடர், பிறகு ராமானுஜருக்கு. நடந்த வரிசையிலேயே அடைப்புக்குறிக்குள் திருமலை நம்பி, கமா, ராமானுஜர் என்று எழுதினால் பைதான் மறுக்கும். ராமானுஜரே திருமலை நம்பியின் வாரிசு. பேரன்ட்டை வாரிசுக்கு முன் வைக்க முடியாது. ராமானுஜர், கமா, திருமலை நம்பி என்று புரட்டி எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

மரபு இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தது? ராமானுஜர் கேட்டார் என்று எம்பாரை அவருக்கே தானமாகக் கொடுத்துவிட்டார் திருமலை நம்பி. பிரிவு தாங்காமல் எம்பார் திரும்பி வந்தபோது உள்ளே கூப்பிடவும் இல்லை, சோறு போடவும் இல்லை. விற்ற பசுவுக்குப் புல் போடுவார் உண்டோ என்று கேட்டு அனுப்பினார் என்று கதை. இரக்கமற்ற கதையாகத்தான் முதலில் படும். வரிசையின் கணக்கில் பார்த்தால், முரண்படும் உறவை ஆசாரியரே தம் கையால் அறுத்துவிட்டார். தென்கலையார் ஓதும் ஓராண்வழியில் எம்பார் ராமானுஜருக்கு நேர்கீழே நிற்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு வரிசைகளின் அடிப்படை வேறுபாடு தெரிகிறது. சி3 விதியால் ஆன வரிசை என்கிறோம், ஆனால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பேரன்ட்களில் எது முன் என்பதை விதி தீர்மானிப்பதில்லை. புரோகிராம் எழுதியவர் கமாவுக்கு முன்னால் எதை எழுதினார் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஏன் அப்படி எழுதினார் என்பதற்குப் பதிவே இருக்காது. ஓராண்வழியிலும் தீர்மானம்தான், விதி அல்ல. பஞ்ச சம்ஸ்காரம் செய்தவரே வரிசையில் வருவார் என்று ஒரு விதி சொல்ல ஆசையாக இருக்கும்; எம்பார் அதை உடைத்துவிடுகிறார். ஆனால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது. பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் பெரும்பாலும் இந்தக் கதைகள்தாம். சரித்திர ஆதாரமாக அவற்றைக் கொள்ளலாமா என்பது தனி விவாதம். வரிசைக்குக் காரணம் சொல்லும் கடமையை அந்த நூல் உணர்ந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம். ரத்த உறவு காரணமாகச் செல்லாது என்பதும் அதில் தெளிவு. ஆளவந்தார் நாதமுனிகளின் பேரன். இருந்தும் வரிசையில் இருவருக்கும் நடுவே உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும் நிற்கிறார்கள். ஆளவந்தாரின் மகன் அரையர் வரிசையிலேயே இல்லை.

ராமானுஜருக்குக் கீழே வரிசை இரண்டாகிறது. தென்கலையார் எம்பார், பட்டர், நஞ்சீயர், நம்பிள்ளை வழியாகப் பிள்ளை லோகாசாரியருக்கும் மணவாள மாமுனிகளுக்கும் வருகிறார்கள். வடகலையார் திருக்குருகைப்பிரான் பிள்ளான், எங்களாழ்வான், நடாதூர் அம்மாள், அப்புள்ளார் வழியாக வேதாந்த தேசிகருக்கு. யார் நின்று பார்க்கிறாரோ அவருடைய வரிசை அவருக்கு, பைதானிலும் எம்.ஆர்.ஓ. அந்தந்தக் கிளாஸுக்கு உரியது. கீழே இவ்வளவு பிரிந்தவர்கள் ராமானுஜருக்கு மேலே சிறிதும் மாறவில்லை என்பது கவனிக்கத் தக்கது. பேரன்ட்டுக்கு அமைந்த வரிசையை வாரிசு புரட்டக் கூடாது என்ற சி3-இன் விதியை இரு கலையாரும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். சண்டையெல்லாம் கீழ்ப்பகுதியில். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் எந்தத் தனியனை, அதாவது ஆசாரியர் வணக்கச் செய்யுளை, முதலில் சொல்வது என்ற தகராறு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நீதிமன்றம் ஏறி வருகிறது. அங்கே வரும் டைப்எரருக்குத் தீர்ப்பு எழுத நீதிபதி வேண்டியிருக்கிறது.

தள்ளி வைத்த திருக்கச்சி நம்பிக்கு வருகிறேன். பைதானில் ஒரு வசதி உண்டு. ஏபிசி (அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்) வகைக் கிளாஸ் ஒன்று வேறொரு கிளாஸைத் தன் வாரிசாக ரெஜிஸ்டர் செய்துகொள்ளலாம். அப்புறம் இஸ்சப்கிளாஸ் 'ஆம்' என்று சொல்லும், எம்.ஆர்.ஓ.வில் மட்டும் பெயர் இருக்காது. மதிப்பு உண்டு, வரிசையில் இடம் இல்லை. நம்பிக்குப் பொருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் உண்மையில் நேர்மாறு. ரெஜிஸ்டர் செய்த உறவில் பெயர் மட்டும் சேரும், ஒரு மெத்தட்கூட வாரிசுக்குப் போகாது. நம்பியிடமிருந்து ராமானுஜருக்குப் போனதோ முழுக்கப் பொருள். ராமானுஜர் சொல்லாமல் மனத்தில் வைத்திருந்த ஐயங்களுக்குக் காஞ்சி வரதரிடம் கேட்டு ஆறு வார்த்தைகளாக விடை கொண்டுவந்தார் நம்பி. பரம்பொருள் யார், சீவனுக்கும் அதற்கும் பேதம் உண்டா, உபாயம் எது என்று வைணவ சித்தாந்தத்தின் முதுகெலும்பே அந்த ஆறில் இருக்கிறது. புரோகிராமர்கள் இப்படிப்பட்ட உறவை டெலிகேஷன் என்பார்கள். வாரிசாக ஆகாமல், இன்னொன்றிடம் கேள்வியைக் கொடுத்து விடையை வாங்குவது. டெலிகேஷனில் யாரிடம் கேட்டோமோ அவர் எம்.ஆர்.ஓ.வில் தோன்றமாட்டார். ஆறாவது வார்த்தை, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்ளச் சொன்னது. தம்மைத் தாண்டி வரிசை போகும் வழியைக் காட்டும் செய்தியைக் கொண்டுவந்ததும் நம்பியே.

ஏன் டெலிகேஷன், ஏன் மரபுரிமை இல்லை என்பதற்கும் நூல்கள் காரணம் சொல்கின்றன, அது கணக்கு சார்ந்தது அல்ல. ராமானுஜர் அவரையே ஆசாரியராக்கிக்கொள்ள விரும்பினார். தாம் அந்தணர் குலத்தில் பிறக்காதவர், வைசியர் என்று சொல்லி நம்பி மறுத்தார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ராமானுஜர் ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்ததும், ராமானுஜர் வருவதற்குள் மனைவி தஞ்சமாம்பாள் நம்பிக்கு உணவிட்டு அனுப்பிவிட்டு, இடத்தை மெழுகி, புதிதாகச் சமைத்ததும் தெரிந்த கதைதான். ஆளவந்தாருக்கு மாறனேர் நம்பி என்று இன்னொரு சீடரும் இருந்தார், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர். அவருக்கு ஈமக்கடன் செய்ததற்காகப் பெரிய நம்பியை ஊரார் விலக்கி வைத்தார்கள் என்கிறது குருபரம்பரை. வரிசையில் நிற்கும் பெரிய நம்பி வரிசையில் இல்லாத ஒருவருக்காகப் பட்ட பாடு அது. ஓராண்வழியை மட்டும் ஓதினால் மாறனேர் நம்பியும் தெரியமாட்டார், பூந்தமல்லிக்காரரும் தெரியமாட்டார். பக்கத்தில் எழுதிவைத்த கதைகளைப் படித்தால் வரிசை எந்த இடத்தில் யாரைத் தாண்டிப் போயிற்று, எதற்காகத் தாண்டிற்று என்பது பெயரோடு கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் கிடக்கும் கமாவிடம் அதைக் கேட்டு வாங்க முடியாது.